கிணற்றடி வீட்டில் என் மகளின் தூக்கம்

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது எங்கள் காம்பவுண்டில் இருந்த நாலு வீட்டின் நம்பரும் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டன. போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் நம்பர் பார்த்து எங்களைத் தேடி வருகிறவர் யாரும் இல்லை, தபால்காரர்கூட கேட்டில் நின்று பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆனால் வீட்டுக்கார அண்ணாச்சி சங்கரலிங்கத்துக்குக் கை சும்மா இருக்காது. பண்டிகை முடிந்ததும் ஒரு நல்ல நாள் பார்த்து, கறுப்புப் பெயிண்ட் டப்பாவோடு முற்றத்தில் வந்து வீடுகளைப் பார்த்தபடி நின்றார். எந்தக் காரியத்தையும் வலது பக்கமிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை, அதனால் தன் வலது கைப்பக்கம் கிணற்றடியில் இருந்த வீட்டுக்கு ஒன்று என்று எழுதி, அப்படியே வரிசையாக நகர்ந்து வந்து, இடது கோடியில் கேட்டை ஒட்டி இருந்த எங்கள் வீட்டுக்கு நாலு என்று எழுதி முடித்தார். அவருடைய அப்பா கட்டிய நாளிலிருந்து எங்கள் வீடுதான் ஒன்று.

“அண்ணாச்சி, தலைகீழா எழுதிட்டீங்களே” என்றேன், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு.

“தலைகீழா இல்ல தாயி, வலமா எழுதியிருக்கேன். நாலுக்கு என்ன குறைச்சல்? ஒங்க வீடு அங்கனதான நிக்கிது, ஓடியா போச்சு?”

சிரித்துவிட்டு அரிசி களையப் போய்விட்டேன்.

பெயிண்ட் வாடை அடங்குவதற்குள் கரண்ட் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரே பலகையில் இருந்த, சக்கரம் சுற்றுகிற பழைய மீட்டர்களை எல்லாம் கழற்றினார்கள், எண் ஓடுகிற புது மீட்டர்களை மாட்டினார்கள். கையிலிருந்த தாளைப் பார்த்தார்கள், கதவுக்கு மேல் இருந்த நம்பரைப் பார்த்தார்கள், ஒன்றாம் நம்பர் இணைப்பை ஒன்று என்று எழுதியிருந்த வீட்டுக்கும் நாலாம் நம்பர் இணைப்பை நாலு என்று எழுதியிருந்த வீட்டுக்கும் கொடுத்தார்கள், நடுவில் இருந்த இரண்டையும் மூன்றையும் அதே போலக் கொடுத்தார்கள், சீல் வைத்தார்கள், நான் கொடுத்த மோரைக் குடித்தார்கள், போனார்கள். அன்று மத்தியானத்திலிருந்து என் மகள் தன்ஷிகா தூங்கவில்லை.

தவழ்ந்து கட்டிலைப் பிடித்து நிற்கிற வயசு அவளுக்கு. அதுவரை அவள் தூங்குவது ஒரு சின்ன வேலை மாதிரி இருந்தது, சேலைத் தொட்டிலில் போட்டு, மின்விசிறியைப் போட்டு, தொட்டிலை ஆட்டக்கூட வேண்டியதில்லை, விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டால் போதும், கண் சொருகிவிடும். அன்றைக்கு விசிறி சுற்றியது, தொட்டில் ஆடியது, தெரிந்த தாலாட்டெல்லாம் பாடி, தெரியாததையும் பாடினேன். அவள் அழவில்லை, சிணுங்கவில்லை, தொட்டில் சேலைக்கு வெளியே தலையை நீட்டி, விருந்துக்கு வந்தவள் மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, “பல் முளைக்குதும்மா” என்றார்கள்.

அதே மத்தியானம்தான் கிணற்றடி வீட்டுச் சண்முகக்கனி அக்கா தூங்கினாள்.

அக்கா தூங்கியதை ஏன் சொல்கிறேன் என்றால், அவள் தூங்காதவள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அவளுடைய ஒரே மகன் ராஜதுரை, ஒரு வாய்ச்சண்டையில் தட்டைத் தள்ளிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன், போனையும் மாற்றிவிட்டான். அவன் போன நாளிலிருந்து, கதவு தட்டுகிற சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று அவள் கண்ணை மூடவில்லை. தூங்குகிற நேரத்தில் மாவு ஆட்டினாள், அந்த மாவில் இட்லி சுட்டு விற்றுத்தான் பிழைப்பு. எங்கள் ஊரில் முனிசிபாலிட்டித் தண்ணீர் எந்த நாள் எந்த நேரம் வரும் என்று சாமிக்கும் தெரியாது, அக்காவுக்குத் தெரியும், குழாயில் காற்று சீறுகிற சத்தம் கேட்டதும், “ஏ, தண்ணி, தண்ணி!” என்று நாலு கதவையும் தட்டிவிடுவாள். அவள் முழித்திருந்ததால் நாங்கள் எல்லோரும் தூங்கினோம். நான் பிள்ளை பெற்று வந்த புதிதில், பால் குடித்து முடித்ததும் பிள்ளையை அவள்தான் வாங்கிக்கொண்டு போவாள். “நீ ஒறங்குட்டி, எனக்குத்தான் அந்த யோகம் இல்லையே” என்பாள்.

அந்த அக்கா கிரைண்டரில் சாய்ந்து உட்கார்ந்தவள், உளுந்து பாதி ஆடிக்கொண்டிருக்க, அப்படியே தூங்கிப்போனாள். எங்களுக்குச் சந்தோஷம். கிரைண்டரை நிறுத்தி, மாவை வழித்து, அவளைப் பாயில் படுக்கவைத்தோம். அவள் முழங்காலை மடக்கி, ஒரு கையைக் கன்னத்தடியில் மூடி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வாயின் இடது ஓரம் மேலே போனது, ஒரு சின்ன மூச்சுச் சிரிப்பு வந்தது, பிறகு கீழுதடு பிதுங்கி அழப்போகிற மாதிரி நடுங்கியது, பிறகு ஒன்றுமில்லை.

“என்னடி இது, பச்சப்பிள்ள மாதிரி! நரி வெரட்டுது போல” என்றாள் பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து அண்ணன் பெண்டாட்டி பேச்சித்தாய்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது என் மகளுடைய சிரிப்பு. கனவில் எந்த நரி எப்போது வரும், எந்தப் பக்கத்து உதடு முதலில் போகும், எல்லாம் எனக்கு மனப்பாடம். இடுப்பில் இருந்த தன்ஷிகாவும் அக்காவைப் பார்த்தாள், தன் பொம்மையை வேறு பிள்ளை வைத்திருப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

மூன்றாம் நாளும் அக்கா அப்படியே தூங்கியபோது, “எம்பிள்ள தூக்கம் அக்காட்ட போயிருச்சு” என்றேன்.

“லைன் மாறிப்போச்சோ என்னவோ” என்றாள் பேச்சித்தாய், வெங்காயம் உரித்துக்கொண்டே. “எங்க வீட்லயும்தான். அவருக்கு ரெண்டு நாளா கோவமே வரல. நூர்தீன் பாய் வீட்டுக்குப் போயிருச்சு.”

அவள் சொன்னதும் உண்மைதான். லேத்துப் பட்டறைக்காரர் சுடலைமுத்து அண்ணன் கோபம் வந்தால் சோற்றுப் பானையைத் தூக்கி வீசுகிறவர், இப்போது மனைவிக்குக் கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுத் தையல்காரர் நூர்தீன் பாய், ஈக்குக்கூட ‘கொஞ்சம் தள்ளிக்கோ’ என்று சொல்கிறவர், பட்டன் கேட்டு வந்தவரைக் கத்தரிக்கோலைக் காட்டி விரட்டினார். இவ்வளவு கோபக்காரர் வேலையில் சுத்தமாக இருப்பார் என்று ஊர் முடிவு செய்ததில் அவருக்குத் துணி குவிந்தது.

தண்ணீருக்குத்தான் முதலில் திண்டாடினோம். அக்கா தூங்கிவிட்டதால் ஒரு தடவை குழாய் வந்ததும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை, குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்த தடவை தன்ஷிகா கேட்டாள். குழாய் சீறியதும் தொட்டிலில் எழுந்து நின்று, தொண்டை கிழிய ஒரு சத்தம் போட்டாள், காம்பவுண்டே எழுந்து ஓடியது. அதற்குப் பிறகு அவளை எல்லோருக்கும் பிடித்துப்போனது. பேச்சித்தாய் கிலுகிலுப்பை வாங்கி வந்தாள், பாய் சத்தம் போட்டுக்கொண்டே பூப்போட்ட கவுன் தைத்துக் கொடுத்தார், அண்ணாச்சி மிட்டாய் டப்பாவோடு வந்து, “எங்க காம்பவுண்டு காவல்காரி!” என்று கன்னத்தைக் கிள்ளினார். பக்கத்துத் தெருக்காரர்கள்கூட, அவள் சத்தம் கேட்கிற தூரத்துக்குக் குடத்தைக் கொண்டுவந்து வரிசையில் வைத்தார்கள். பிள்ளை எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. கண்ணுக்குக் கீழே மட்டும் மை தடவிய மாதிரி இருந்தது, நான் தடவவில்லை.

அங்கன்வாடியில் எடை போடுகிறபோது டீச்சர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “போன தடவைக்கு இறங்கியிருக்கே பாண்டீஸ்வரி. பால் கொடுக்கியா இல்லையா?” என்றார். கொடுக்கிறேன் டீச்சர், தூக்கம்தான் இல்லை என்றேன். தூக்கத்துக்கு அவரிடம் சத்துமாவு இல்லை.

என் வீட்டுக்காரர் மாரிச்செல்வம் லோடு வேன் ஓட்டுகிறார். அவர் போனில்தான் கரண்டு பில் வரும். அந்த மாதம் வந்ததைப் பார்த்து, “என்ன புள்ள, வீட்ல மில்லு ஏதும் நடத்துறியா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு விசிறி, ஒரு டியூப்லைட், ஒரு மிக்சி. அக்கா வீட்டுக் கிரைண்டர் ஓடியது எல்லாம் எங்கள் கணக்கில் ஏறியிருந்தது, எங்கள் கணக்கு அவள் போனுக்குப் போயிருந்தது. அப்போதுதான் நம்பர் தலைகீழானதும் மீட்டர் மாறியதும் எனக்குக் கோர்வையாகப் பிடிபட்டது. பில் போகட்டும், வயரைத் திருப்பி மாட்டினால் தூக்கமும் வந்துவிடும் இல்லையா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரண்ட் ஆபீஸுக்குப் போனேன்.

அங்கிருந்த மேடம் நல்லவர்தான், உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

“எல்லாம் சரியாத்தானே இருக்கும்மா. ஒன்னாம் நம்பர் இணைப்பு ஒன்னாம் நம்பர் வீட்டுக்குப் போகுது.”

“நம்பரை மாத்தி எழுதிட்டாங்க மேடம். நாங்கதான் ஒண்ணு.”

“கதவுல என்ன இருக்கு?”

“நாலு.”

“அப்போ நீங்க நாலு.” பிள்ளையைப் பார்த்தார். “பாப்பா என்ன இப்படி முழிக்குது?”

“தூக்கம் கிணத்தடி வீட்டுக்குப் போயிருச்சு மேடம். வயரைத் திருப்பி மாட்டினா வந்துரும்.”

“சில லைன்ல அப்படி ஆகும்” என்றார் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லைன்மேன். “நாங்களா தொட முடியாதும்மா, சீல் வச்சாச்சு. ஒரே போர்டு, நாலு வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்.”

மேடம் கம்ப்யூட்டரை மறுபடி பார்த்துவிட்டு, ஆறுதலாகத்தான் சொன்னார்: “இங்க எதுவும் மாறலம்மா. வீடுதான் மாறி நிக்குது.”

நாலு கையெழுத்து என்றதும் லேசு என்று நினைத்து வந்தேன். பேச்சித்தாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “ஒனக்குப் புண்ணியமாப் போவும், என்னைக் கேக்காத. கல்யாணம் ஆனதுலருந்து இப்பத்தான் அந்த மனுசன் எங்கிட்ட பேசுறாரு” என்றாள். நூர்தீன் பாயிடம் கேட்டேன், “போம்மா வெளியே!” என்று கத்தினார், கத்திவிட்டு, “வாழ்க்கையில முதத்தடவையா என் பேச்சைக் கேக்குறாங்கம்மா” என்று தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி, வலமாக எழுதியதை அழித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார், தண்ணீரையும் யோசித்துப்பார் என்றார். ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் என் பிள்ளையைக் கொஞ்சிவிட்டுத்தான் முடியாது என்றார்கள்.

வயரை மாற்ற முடியாவிட்டால் ஆளை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றியது. மேடம்தான் சொன்னாரே, வீடுதான் மாறி நிற்கிறது என்று. நாங்கள் கிணற்றடி வீட்டுக்கும் அக்கா கேட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக்கும் குடிபோனால், யார் கையெழுத்தும் வேண்டாம். அதற்கு அக்கா ஒருத்தி சரி என்றால் போதும். சாயங்காலம் அவள் தூங்கி எழுந்து, கன்னத்தில் பாய் வரியோடு உட்கார்ந்திருந்தபோது போய்க் கேட்டேன்.

அவள் என் மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் கண்ணடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், யாரும் மறைக்கவில்லை.

“ஏட்டி, கூசாமக் கேக்கேன்” என்றாள். “இன்னும் கொஞ்ச நாள் வச்சிக்கிடட்டுமா?”

நான் பிள்ளையின் கவுனை இழுத்துவிட்டேன்.

“கண்ணுக்குள்ள மணலைப் போட்டு அரைச்ச மாதிரி இருந்துச்சு தாயி. இப்பந்தான் அது இல்ல. ஒறக்கத்துல அவன் மொகம் வாரதில்ல, சண்டை வாரதில்ல, பால் வாசமா என்னவோ வருது. ஒம்பிள்ளைக்குப் பாவம்னு தெரியுது. எந்திரிச்சா தெரியுது, படுத்தா மறந்துபோவுது. நான் என்ன செய்ய?”

அடித்துக் கேட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம், பாய் வீட்டிலிருந்து கொஞ்சம் கோபம்கூட இரவல் வாங்கியிருக்கலாம். ஆனால் நான் படுத்துக்கிடந்த நாளில் எனக்குத் தூக்கம் கொடுத்தவள் அவள். “சரிக்கா” என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தேன். மாரிச்செல்வம், “வேற ஊருக்குப் போயிருவோமா?” என்றார். பிள்ளையின் தூக்கத்தை இங்கே விட்டுவிட்டு எந்த ஊருக்குப் போவது? இரண்டு பேரும் உட்கார்ந்திருக்க, எங்களுக்கு நடுவில் எங்கள் பிள்ளை, எது நடந்தாலும் பார்க்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். போகப்போக அவள் பொருளைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள், பொருளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள்.

அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் ராஜதுரை வந்தான்.

நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மீசை வைத்து மெலிந்திருந்ததால் முதலில் தெரியவில்லை. கையில் ஒரு துணிக்கடைப் பை. தெருமுனையில் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒன்று இஞ்சினை நிறுத்தாமல் நின்றது, அதில் பனியன் லோடோடு வந்திருக்கிறான்.

“அம்மா இருக்காங்களாக்கா?” என்றான், நேற்றுக் கடைக்குப் போய்விட்டு வந்தவன் மாதிரி.

துணியைப் போட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டு அவனுக்கு முன்னால் ஓடினேன். அக்கா கதவைத் திறந்து போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, “யக்கா, யக்கா, யாரு வந்திருக்கா பாருங்க” என்றேன். தோளைத் தொட்டு அசைத்தேன். அவள் கீழுதடு பிதுங்கியது, மூச்சு விம்மியது, நெற்றி சுருங்கியது. என் கை அவள் தோளில் இருந்தது, எழுப்பத்தான் வைத்த கை, அந்த உதடு நடுங்கியதைப் பார்த்ததும் அது பாட்டுக்குத் தட்டிக்கொடுக்கத் தொடங்கிவிட்டது. அக்கா ஒரு நீள மூச்சு விட்டு இன்னும் உள்ளே போய்விட்டாள்.

“விடுங்கக்கா” என்றான் ராஜதுரை, நிலைப்படியில் நின்று.

நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டு நம்பர், மீட்டர், பிள்ளையின் தூக்கம். அவன் ஆச்சரியப்படவில்லை. “எங்க கம்பெனியில ஜெனரேட்டர் மாத்தினப்ப ஒரு வரிசைப் பயலுகளுக்கு ஊர் ஞாபகம் மாறிப்போச்சு” என்றான். “நான் பொள்ளாச்சிக்காரன் வீட்டை நெனச்சு அழுதுக்கிட்டிருந்தேன். இப்பத்தான் சரியாச்சு, அதான் வந்தேன்.”

லாரி ஹாரன் அடித்தது.

“கொஞ்சம் இருப்பா, எந்திரிச்சிருவாங்க.”

“கேட் மூடிருவாங்கக்கா துறைமுகத்துல. டிரைவர் அண்ணன் இதுக்கே ஏசுறாரு.” அவன் அம்மாவின் தலைமாட்டில் பையை வைத்தான். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தான். “தூங்காம கெடக்குன்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. எம்மேல இம்புட்டு பாசமான்னு நெனச்சேன். நல்லாத்தான் தூங்குது. தூங்கட்டும்.”

“போன் நம்பரையாவது குடுத்துட்டுப் போ.”

“புதுசு வாங்கணும்க்கா, வாங்கிட்டுப் பேசுறேன்.” மறுபடி ஹாரன். அவன் போகிறபோது என் மகளின் கன்னத்தைத் தொட்டான். “நீ ஒருத்தியாவது முழிச்சிருந்தியே” என்றான்.

பிள்ளையோடு தெருமுனை வரைக்கும் ஓடினேன். லாரி திரும்பிவிட்டிருந்தது. திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். துணிக்கடைக்காரன் வந்தான், பையை மறந்து வைத்துவிட்டுப் போனான் என்று சொல்லலாம், மனசு அப்படியும் யோசித்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் அக்கா மறுபடி முழித்திருக்கப் பார்ப்பாள், என் பிள்ளைக்குத் தூக்கம் வரும் என்றும் யோசித்தது. சரி எது தவறு எது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒரே வயரில் வந்தது.

டீ நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்தாள். பையைப் பார்த்தாள். உள்ளேயிருந்த சேலையை எடுத்து முகத்தில் வைத்து மோந்தாள். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

“எப்ப வந்தான்?”

“மத்தியானம்க்கா. துறைமுகத்துக்குப் போற லாரில.”

“நீ எழுப்பலையா?”

“எழுப்புனேன்க்கா.”

“எப்படி எழுப்புன?”

அவள் தோளில் கையை வைத்து அப்போது செய்த மாதிரியே செய்து காட்டினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எழுப்புற கை இல்லட்டி” என்றாள். “ஒறங்க வைக்கிற கை.”

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அழுதிருப்பேன். எழுந்து முகத்தைக் கழுவினாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள், கிரைண்டரில் இருந்த மாவை வாளியில் வழித்து, “போய் ஒன் அடுப்பை எடு” என்றாள்.

பொழுது சாய்வதற்குள் வீடு மாற்றிவிட்டோம். பேச்சித்தாய் பாத்திரம் தூக்கினாள், சுடலைமுத்து அண்ணன் சிரித்த முகமாக கிரைண்டரைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார், பாய் எங்கள் கட்டிலை வாசலில் திருப்பத் தெரியாதவர்களைத் திட்டிக்கொண்டே திருப்பினார். அண்ணாச்சி ஓடி வந்து, “அப்போ தண்ணி வந்தா யாரு சொல்லுவா?” என்றார். “நான் சொல்லுதேன்” என்றாள் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

கிணற்றடி வீட்டில் பிள்ளை தொட்டில் கட்டக்கூட விடவில்லை. விசிறியைப் போட்டேன், அது ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும், என் தோளில் ஒரு கனம் இறங்கியது. முழித்திருக்கிற பிள்ளையும் தூங்குகிற பிள்ளையும் ஒரே எடை என்று தராசு சொல்லும், தராசு பிள்ளை தூக்கியதில்லை. அசைந்தால் போய்விடுமோ என்று கால் மரத்துப்போகிற வரைக்கும் அப்படியே நின்றேன். மாரிச்செல்வம் சாமி கும்பிடுகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார்.

அக்கா கேட்டுப் பக்கத்து வீட்டு வாசலில் மணையைப் போட்டு, இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புதுச் சேலை மடிப்புக் கலையாமல் மடியில் இருந்தது. அவள் கண் அதற்குள் சிவக்கத் தொடங்கிவிட்டது. அங்கே போய் ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது, தோளில் பிள்ளை. அவன் இனி எப்போதாவது வந்தால், தனக்குத் தெரிந்த கதவைத்தான் தட்டுவான். அந்தக் கதவுக்குப் பின்னால் இனி நான்தான் இருப்பேன்.

“ஒறங்கிட்டாளா?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

“ஒறங்கிட்டாக்கா.”

மடியிலிருந்த சேலையை ஒரு தடவை நீவினாள்.

“சரி. கதவைத் தாழ்ப்பாள் போடாத தாயி.”